தலை சுத்திருச்சு, சிஸ்டர்

எங்கள் பள்ளியின் வேதியியல் லேபில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால், அது அடங்குவதற்குள் இன்னொரு குரலும் கேட்கும்.

"என் கைதான் பட்ருச்சு சிஸ்டர்."

உடைத்தது யார் என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் பெரும்பாலும் மாடியில் அவருடைய அறையில்தான் இருப்பார். உடைத்த பெண் பியூரெட்டின் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று நிற்பாள். லேப் அக்கா அதற்குள் துடைப்பத்தோடு வந்து, அவளைத் தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு, குனிந்து சில்லுகளைக் கூட்டத் தொடங்கியிருப்பார். சிஸ்டர் இறங்கி வந்து நாலு வார்த்தை திட்டுவார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். அவ்வளவுதான், வகுப்பு தொடரும்.

அவர் ஆய்வக உதவியாளர். மாணவிகளுக்கு லேப் அக்கா. அவர்களுடைய அம்மாக்களில் சிலர் அதே பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்கும் அவர் லேப் அக்காதான். ஆசிரியர்கள் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பெயர் சொல்லி அழைத்தது சிஸ்டர் ஒருவர்தான். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

குள்ளமான, கனத்த உருவம். அகலமான பாதங்கள். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. சேலை முந்தானையில் ஆசிட் தெறித்த பொட்டு ஓட்டைகள் எப்போதும் இருக்கும். ஒரு கையின் விரலிடுக்குகளில் எட்டு டெஸ்ட் ட்யூபைச் செருகிக்கொண்டு, மறு கையால் தண்ணீர்க் குழாயைத் திறப்பார். சொந்த ஊர் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மழையை நம்பிக் கடலை போடுகிற குடும்பம். பத்தாவது முடித்ததும் ஊர்ப் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு திண்டுக்கல்லுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தவர், பிறகு வேறெங்கும் போகவில்லை.

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. முதல் வருடமே பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உப்புகளைப் புட்டியில் போட்டு எண் ஒட்ட வேண்டும். முந்தின நாள் அவசரத்தில் மூன்றாம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் மாற்றி ஒட்டிவிட்டேன். மூன்றாம் எண் கிடைத்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரித் தப்பாக எழுதியிருப்பதை வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கவனித்துவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

சிஸ்டர் வந்து புட்டிகளை எடுத்துப் பார்த்தார். பின்னால் கழுவுதொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"லேபிள் ஒட்டுனது நான்தான் சிஸ்டர். கண்ணாடி போடாம ஒட்டிட்டேன்."

லேபிளில் இருந்தது என் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது அந்தப் பள்ளியில் நான் மட்டும்தான். சிஸ்டருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அக்கா ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தேர்வாளர் விடைத்தாள்களைச் சரிசெய்து கொடுத்தார். அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதினார். இரண்டு நாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அங்கே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

மாலையில் லேபுக்குப் போய், "ஏங்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு வேலை போயிரும் டீச்சர். எனக்கு நாலு வார்த்தை. அம்புட்டுத்தான்."

"இருந்தாலும்..."

"சத்தம் எனக்கு ஆகாது டீச்சர். யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொல்லிட்டா சத்தம் நின்னுரும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

தன்னைப் பெரிய தியாகி என்று காட்டிக்கொள்ளும் முகம் இல்லை அது. குழாய் ஒழுகினால் எழுந்து போய் மூடுவதைப் போல அதைச் செய்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதன் பிறகு அவருக்கு என்னிடம் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. உதவி பெற்ற எனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், "வெஞ்சனம் பத்தாது டீச்சர், இந்தாங்க" என்று கத்தரிக்காயோ கருவாடோ என் மூடியில் வந்து விழும். பெருநாளைக்கு நான் பிரியாணி கொண்டுபோவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் அதிரசம் கொண்டுவருவார். ஒன்பது வருடம் இப்படிப் போனது.

அவருடைய இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒருமுறை கலங்கிப்போனேன். அக்காவின் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றப் போய்வந்த பழக்கத்தில் வேறொரு பெண்ணோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அப்போது மகள் ஸ்டெல்லாவுக்குப் பத்து வயது. கேட்டவர்களிடமெல்லாம் அக்கா, "எனக்கு வாய் சாஸ்தி. அவரு எம்புட்டு நாளைக்குத்தான் தாங்குவாரு" என்றே சொல்லியிருக்கிறார். அக்கா அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்டெல்லா எங்கள் பள்ளியில்தான் படித்தாள். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் என்னிடம், "எங்கப்பா போனதுக்கு அம்மாதான் மிஸ் காரணம். அதுவே சொல்லிருச்சு" என்றாள். அப்பனை வெறுத்து மகள் வளரக் கூடாது என்று அக்கா நினைத்திருக்கலாம். அதற்காக, மகள் தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று விட்டிருக்கிறார். நான் ஸ்டெல்லாவிடம், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் பேசவில்லை. அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

லேபைப் புதுப்பித்தது அதற்குப் பல வருடம் கழித்து. பழைய சிமெண்ட் தரையைக் கொத்தியெடுத்துவிட்டுப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். முகம் பார்க்கலாம் போலிருக்கும். அக்கா தினமும் இரண்டு முறை துடைப்பார். ஆனால் அந்தத் தரையில் நாள் முழுக்க நின்றதில் அவருக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் முதல் பீரியடில் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருவார். அவர் போட்டிருந்தது தேய்ந்துபோன பழைய ரப்பர் செருப்பு.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு நல்லதாக ஒரு செருப்பு வாங்கிக் கொடுக்க நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தார்ப்பாய் விரித்துக் குவித்துப் போட்டிருந்தார்கள். இப்போது எல்லாப் பெண்களும் போடுகிறார்களே, தடிமனாக, ரொட்டி மாதிரி உப்பலாக, அந்த வகை. பச்சை, ரோஸ், சந்தன நிறம் என்று கண்ணைப் பறித்தது. விற்றவர் ஒன்றை எடுத்து அமுக்கிக் காட்டினார்.

"பஞ்சுக்கா. காலே தெரியாது. குதிகால் வலிக்கு டாக்டரே இதைத்தான் சொல்றாங்க."

என் அத்தா பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். செருப்பு வாங்கப் போனால் மேலே பார்க்கவே மாட்டார். புரட்டி, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. புரட்டிப் பார்த்தேன். அலை அலையாகக் கோடு போட்டிருந்தது. விரல் வைத்தால் கோட்டுக்கு ஆழமே இல்லை. அப்பளத்தின் மேல் வரைந்த மாதிரி இருந்தது. வழவழவென்று இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தேன். அக்காவின் அளவு ஏழு. ஏழு இல்லை, எட்டுதான் இருந்தது. "கொஞ்சம் லூசா இருந்தாத்தான் காத்தோட்டம்" என்றார் விற்றவர். பிஸ்தா பச்சை நிறம் அழகாக இருந்தது. அவருக்கு ஒரு ஜோடியும் எனக்கு ஒரு ஜோடியும் வாங்கினேன்.

அக்கா டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு லேபின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்து காட்டினார். "மெத்தைல நடக்குற மாரி இருக்கு டீச்சர். எனக்கு யாரும் செருப்பு வாங்கித் தந்ததில்ல."

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி அலசிவிட்டு வாளியோடு திரும்பினேன். ஈரத் தரையில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் என்னை விட்டு முன்னால் போய்விட்டன. குழாயை எட்டிப் பிடித்ததால் தப்பித்தேன். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போனது. என் கணவர் செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி பட்டா இது சோப்புக்கட்டி. தூக்கிப் போடு" என்றார். அன்றைக்கே குப்பை வண்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். அக்கா கழுவுதொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலில் பிஸ்தா பச்சை. சுற்றிலும் தண்ணீர் சிந்தியிருந்தது.

"வலி பாதி கொறஞ்சிருச்சு டீச்சர். காலையில சுவரப் பிடிக்காம வாரேன்" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. இதைப் போடாதீங்கக்கா, வழுக்குது. சொன்னால், கொடுத்த பொருளை மட்டமானது என்று நானே சொன்னதாகிவிடும். எனக்கு இடுப்பு கன்றிய கதையைச் சொல்ல வேண்டும். வேறு வாங்கித் தர வேண்டும். அவர் முகம் வாடும். சம்பளம் வந்ததும் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் கூச்சம்தான்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. கடைசி அணி முடிந்து பெண்கள் போய்விட்டார்கள். நான் மேஜையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கழுவிய டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு அலமாரியை நோக்கி வந்தார். நான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் பனிக்கட்டியில் வைத்த மாதிரி முன்னால் ஓடியது. ஸ்டாண்டை விட்டுவிட்டு இடது கையை ஊன்றினார். முதலில் கேட்டது கண்ணாடிச் சத்தம் இல்லை. விறகு முறிகிற மாதிரி ஒன்று. பிறகுதான் கண்ணாடி.

ஓடிப் போனேன். மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. ஒரு செருப்பு மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து கிடந்தது. அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அதைப் படித்துவிட்டார்.

சிஸ்டர் வந்துவிட்டார். "என்னாச்சு? எப்படி விழுந்தீங்க?"

"தலை சுத்திருச்சு சிஸ்டர். காலையில சாப்டல."

காலையில் அவர் சாப்பிட்டது எனக்குத் தெரியும். நான்கு இட்லி. ஒன்றில் பாதி எனக்குக் கொடுத்தார்.

சிஸ்டர் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "டீச்சர், அந்தச் செருப்ப எடுத்துக் குடுங்க. கண்ணாடி கெடக்கு" என்றார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து எடுத்தேன். அடிப்பக்கம் தொட்டேன். இரண்டு மாதத்தில் அந்தக் கோடுகூட இல்லை. அதை என் சேலையில் துடைத்து, அவர் காலில் நானே மாட்டிவிட்டேன்.

தனியார் எலும்பு மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் நிதானமான மனிதர். எலும்பைச் சேர்த்துக் கட்டுப்போடுவதற்கு முன் அக்காவிடம் கேட்டார்: "அடிக்கடி சுத்துமா?"

"சுத்தும் சார். ரெண்டு மாசமா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா? மயங்கி விழுந்தாங்களா, வழுக்கி விழுந்தாங்களா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற, அதுக்குத்தான் கேக்குறேன்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. அக்கா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திரும்பி நின்னேன் டாக்டர். பாக்கல" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. தலைச்சுற்றலுக்குக் காலையும் இரவும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "இது தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். தனியா நடக்க விடாதீங்க" என்று, மில் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்த ஸ்டெல்லாவிடம் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்பாவிடமிருந்து ஒரு போன்கூட வராமல் வளர்ந்தவள். எதையும் எழுதி வைத்துச் செய்கிற பெண். மாத்திரை நேரத்தைப் போனில் அலாரம் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் வரிசை வீடுகள். ஐந்து வீட்டுக்கும் பின்னால் பொதுவாகத் துணி துவைக்கும் இடமும் குழாயும். அக்கா கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே அந்தச் செருப்பு, கழுவித் துடைத்து, ஜோடியாக.

ஸ்டெல்லா டீ போட உள்ளே போனாள். நான் குரலைத் தணித்து, "அக்கா, அந்தச் செருப்ப இனிமே போடாதீங்க" என்றேன்.

"சத்தமாப் பேசாதீங்க டீச்சர். அவளுக்குக் கேட்டுரும்."

"நான் சொல்லிர்றேங்கா. என் தப்புதான். எனக்கே வழுக்குச்சு. ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. நல்ல கையால் என் முழங்கையைத் தொட்டார்.

"அவ கோவக்காரி. ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுப்புட்டா எனக்கு மனசு தாங்காது. முடிஞ்சு போச்சு. விடுங்க."

"அப்ப போட மாட்டேன்னு சொல்லுங்க."

"போடல டீச்சர். சத்தியமா."

டீ வந்தது. செத்த நேரம் பள்ளிக்கூடத்துக் கதை பேசினோம். கிளம்பும்போது அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஸ்டெல்லா வாசல்வரை வந்து நின்றாள். எப்படி எடுப்பேன், என்ன சொல்லி எடுப்பேன் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு வந்தேன்.

பதினோராவது நாள் காலை ஏழு மணிக்கு ஸ்டெல்லா போன் செய்தாள். அம்மா குழாயடியில் விழுந்துவிட்டது என்றாள். பக்கத்து வீட்டில் துணி துவைத்த சோப்புத் தண்ணீர். இந்த முறை இடுப்பு.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனேன். வார்டின் வாசலிலேயே ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. அவள் கையில் மாத்திரை அட்டை. பத்து மாத்திரைக்கு மேல் அப்படியே இருந்தன. வீட்டில் தலையணை உறைக்குள் கிடைத்திருக்கிறது. அக்கா அதை விழுங்கவே இல்லை. விழுங்கினால் தூக்கம் வருகிறது, சுற்றாத தலைக்கு எதற்கு மாத்திரை என்று இருந்திருப்பார்.

"தலை சுத்துதுன்னு நீதானம்மா சொன்ன? மாத்திர போட்டுருந்தா இப்படி வந்து கெடப்பியா? என்னை ஏமாத்திக்கிட்டே இருக்க. ஒன்னால யாருக்கு நிம்மதி இருந்துச்சு சொல்லு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வீங்கியிருந்தது.

"ஆமாம்மா. என் தப்புத்தான். இனிமே ஒழுங்காப் போடுறேன்" என்றார்.

அவர் கண் என்மேல் விழுந்தது. மிக லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் ஹார்லிக்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, "அம்மாவத் திட்டாதம்மா" என்றேன். ஸ்டெல்லா அழுதாள். "ஒங்களுக்குத் தெரியாது மிஸ், இது எதையும் உள்ளபடி சொல்லாது" என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம். எழுந்து நடக்க முடியவில்லை. முதுகில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. நான் போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். இப்போது மாத்திரைகளை ஸ்டெல்லா வாயைத் திறந்து பார்த்துக் கொடுத்தாள், தலைச்சுற்றல் மாத்திரையையும் சேர்த்து. தவக்காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு மதியம் மூச்சு நின்றது. நான் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்குப் பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பியூரெட் உடைத்தவர்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சிஸ்டர் மைக்கில் பேசினார். லேப் அக்காவுக்காக ஒரு நிமிடம் நின்று ஜெபித்தோம். பிறகு சிஸ்டர், "பிள்ளைகளே, காலையில் சாப்பிடாமல் வராதீர்கள். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா" என்றார். எண்ணூறு பெண்கள் "சரி சிஸ்டர்" என்றார்கள். என் வரிசையில் நானும் நின்றேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த மூன்று வாய்ப்புகளும் வந்து நிற்கும். அந்தத் திங்கட்கிழமை லேப். டாக்டரின் மேஜை. கட்டிலுக்குக் கீழே ஜோடியாக இருந்தது. என் கணவர், "இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றார். எனக்கு என் பாரம்தான் பெரிதாகத் தெரிந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, வீட்டில் ஸ்டெல்லா தனியாக இருந்தபோது, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் வாங்கிய செருப்பு. எனக்கே வழுக்கியது. அம்மாவிடம் சொல்லாதது. அம்மா வழுக்கித்தான் விழுந்தார், நான் கண்ணால் பார்த்தேன், தலை சுற்றவே இல்லை. டாக்டரிடம் பொய் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள், முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். வெளியே யாரோ குழாயில் குடம் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப மாத்திர போடாததால விழுகல" என்றாள்.

"இல்லம்மா."

"நான் ஆஸ்பத்திரில அம்புட்டுத் திட்டுனேன்."

"ஸ்டெல்லா, தப்பு என்னுது..."

"அன்னைக்குக் காலையில அது செருப்பு வேணாம்னுச்சு மிஸ். வெறுங்கால்லயே போறேன்னுச்சு. குதிகால் வலிக்கும்னு நான்தான் விடல. ஒத்தக் கையால மாட்ட முடியாதுன்னு, நானே குனிஞ்சு மாட்டிவிட்டேன்."

எனக்கு அது தெரியாது. அக்கா சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார். மகளிடம் காரணம் சொல்ல முடியாமல் காலை நீட்டியிருக்கிறார். இந்த ஒரு விஷயம் மகளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்பது, அந்த இடத்தில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டெல்லா தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் மிஸ் சொன்னீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அம்மா சொல்லலல்ல."

செருப்பை வாங்கியது நான், மறைத்தது நான், உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பொழுது சாயும்வரை சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். நான் எழுந்தபோது, "மாட்டிவிட்டது நான்தான் மிஸ்" என்றாள்.